சாயம் போகும் என்று சொல்லி விற்ற சட்டை: மெட்ராஸ் கட்டத் துணி பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1958ஆம் ஆண்டில், தென்னிந்தியக் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி பத்தாயிரம் கெஜம், அமெரிக்காவின் பழம்பெரும் ஆடை நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அதை இறக்குமதி செய்து விற்றவர் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வணிகர். அவருக்கு அந்தத் துணியைக் கொடுத்தவர் கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், பிற்காலத்தில் மனைவி லீலாவின் பெயரில் நட்சத்திர விடுதிகளை நிறுவியவரும் இவரே. கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசப்பட்டது. துணியில் தாவரச் சாயத்தின் வாடையும் நல்லெண்ணெய் வாடையும் தூக்கலாக இருந்தன என்றும், குளிர்ந்த நீரில் மென்மையாகத்தான் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்தார் என்றும், அந்த எச்சரிக்கை ஆடை நிறுவனத்தாரை எட்டவே இல்லை என்றும் இந்த வணிகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

துணி கோடைக்கால ஆடைகளாகத் தைக்கப்பட்டு, சலவை பற்றிய குறிப்பு எதுவும் இல்லாமல் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் மற்றத் துணிகளைப் போலவே அதையும் வெந்நீரில் போட்டுத் துவைத்தார்கள். சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கியது, நீலம் வெள்ளைக் கோட்டில் படர்ந்தது, கூடப் போட்ட வெள்ளைச் சட்டைகளும் கெட்டன. புகார்கள் குவிந்த நிலையில், விற்பனையைக் காப்பாற்றியது ஒரு விளம்பர வாசகம்: இந்தத் துணி சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம். புகழ்பெற்ற விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்த வாசகத்துக்குப் பிறகு, குறை என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட தன்மையே துணியின் சிறப்பு என்று கொண்டாடப்பட்டது. கல்லூரி மாணவர்கள் சாயம் கலங்கிய சட்டையைத் தேடி வாங்கினார்கள்.

விளம்பரத் துறையினர் இதைச் சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இந்த ஆய்வு அதே நிகழ்வை உடுத்துபவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. பல ஆண்டுகள் விரும்பி உடுத்தக்கூடிய, மண்ணுக்கும் நீருக்கும் அதிகக் கேடு செய்யாத, தனக்கே உரிய ஓர் உடைப் பழக்கத்தை ஒருவர் எப்படி உருவாக்கிக்கொள்கிறார் என்ற கேள்விக்கு, மெட்ராஸ் கட்டத்தின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. துணியைப் பற்றிய அறிவு துணியோடு சேர்ந்து கைமாறும் இடத்தில் உடை நீண்ட நாள் வாழ்கிறது. அந்த அறிவு வழியில் விடுபட்டால், எவ்வளவு நல்ல துணியும் ஒரு பருவத்துக்குள் வீணாகிறது. இதுவே நான் இங்கே நிறுவ விரும்பும் கருத்து.

துணி வந்த வழி

மெட்ராஸ் நகரம் துணி வணிகத்துக்காகவே தோன்றியது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தபோது, கப்பல் நிற்க ஏற்ற துறை என்று அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அலை மோதும் திறந்த மணல்வெளி அது. வேறு இடங்களைவிட இங்கே துணி ஐந்தில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்பதே அவர் முன்வைத்த வலுவான காரணம். பிறகு நெசவாளர்களையும் துணி வேலை செய்வோரையும் குடியேற்றுவதற்காக, ஆளுநர் ஜோசப் காலெட்டின் காலத்தில் காலடிப்பேட்டையும் 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் அமைக்கப்பட்டன. ஏற்றுமதித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டை. நெய்தவர், சாயம் தோய்த்தவர், வெளுத்தவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துக் குறை சொல்லிக்கொள்ளும் தொலைவில் இருந்தார்கள் என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமானது. எந்த நூல் எந்தத் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு அங்கே எழுதிய குறிப்பு தேவைப்படவில்லை.

வடக்கே பழவேற்காட்டில் (ஆங்கிலத்தில் புலிகாட்) 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே டச்சுக்காரர்கள் கட்டத் துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். மலாய் நாடுகளில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலி இன்றும் ‘கைன் பெலிக்காட்’ என்று அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 36 அங்குலச் சதுரங்களாகப் பிரித்து நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. சோழமண்டலக் கரையின் துணி அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்குப் பண்டமாற்றாகவும் கொடுக்கப்பட்டது என்பதை, இந்தத் துணியின் பெருமை பேசும் எவரும் மறைக்கக் கூடாது. கரீபியன் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட பெண்களும் அவர்கள் வழிவந்தவர்களும் தலையில் கட்டிய மெட்ராஸ் துணி, பின்னாளில் டொமினிக்கா, செயின்ட் லூசியா, குவாதலூப், மார்த்தினிக் ஆகிய தீவுகளின் மரபுடையில் நிலைத்த இடம் பெற்றது. ஒருவர் மீது சுமத்தப்பட்ட வாழ்வுக்குள்ளும் அவர் தனக்கென ஓர் உடை மொழியை உருவாக்கிக்கொண்டதற்கு அந்தத் தலைக்கட்டு சான்று.

ஆக, 1958க்கு முன்பே இந்தத் துணிக்கு முந்நூறு ஆண்டு அயல்நாட்டு அனுபவம் இருந்தது. பழக்கமான வாங்குநர்களிடம் போனபோது பெரிய சிக்கல் எழாத துணி, புதிய வாங்குநரிடம் போனதும் முதல் சலவையிலேயே ஏன் பெயரைக் கெடுத்துக்கொண்டது என்பதே அடுத்த கேள்வி.

ஏன் சாயம் போனது

முதற்காரணம் சாயத்திலேயே இருக்கிறது. கைத்தறித் துணி என்றால் சாயம் போகத்தான் செய்யும் என்ற எண்ணம் இன்றும் பரவலாக உண்டு. கடைக்காரர்களே அதைச் சொல்லி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துகிறார்கள். வரலாறு இதற்கு நேர்மாறானது. சோழமண்டலக் கரைத் துணிக்கு ஐரோப்பாவில் மதிப்பு ஏற்பட்டதே அதன் சாயம் போகாது என்பதால்தான். கடலோர மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பு, முறைப்படி ஏற்றப்பட்டால் துவைக்கத் துவைக்கப் பொலிவு பெறும் என்று அக்காலத்தவர் வியந்து எழுதினார்கள். அந்த முறை எளிதானதன்று. துணியைக் கடுக்காய்க் கரைசலில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, சாயவேரோடு காய்ச்சி, ஓடும் நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இவற்றில் சிலவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் பருத்தி இழையையும் மறு பக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்வதால்தான் நிறம் தங்குகிறது. அவுரி நீலம் வேறு வகையில் தங்குகிறது: தொட்டியில் கரைந்த நிலையில் நூலுக்குள் இறங்கி, காற்றுப் பட்டதும் கரையாத பொருளாக மாறி உள்ளேயே அமர்ந்துகொள்கிறது. மஞ்சள்கிழங்கின் நிறமோ இயல்பிலேயே நிலையற்றது. வெயிலும் சோப்பும் அதை விரைவில் அழித்துவிடும்.

எனவே ஒரு துணி சாயம் விடுகிறது என்றால், நிலையற்ற சாயம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, அல்லது நிலையான சாயம் சரியாக ஏற்றப்படவில்லை, அல்லது ஏற்றியபின் மிச்சச் சாயம் போகும்வரை அலசப்படவில்லை என்றுதான் பொருள். தறியில் கையால் நெய்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. சாயவேரின் சிவப்புக்கு ஈடான செயற்கை அலிசரின் 1869இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பிறகு சாயவேருக்குச் சந்தை சுருங்கியது; 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தபோது அவுரி வயல்களும் குறைந்தன. பல தலைமுறைகளாகக் கைமாறிய சாய அறிவு அறுபது ஆண்டுகளுக்குள் சிதறிப்போன பிறகு வந்த துணிதான் 1958ஆம் ஆண்டின் துணி. அதைப் பழைய மெட்ராஸ் துணியின் நேரடி வாரிசாகக் கருதுவது சரியாகாது.

அடுத்தது சலவை முறை. குளத்திலோ ஆற்றிலோ குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் காயவைக்கும் பழக்கத்தை மனத்தில் கொண்டு தோய்த்த சாயம், வெந்நீரும் கடுமையான சலவைத் தூளும் நிறைந்த இயந்திரத்துக்குள் பல துணிகளோடு சேர்ந்து சுழன்றது. பாவுக்கு, அதாவது தறியின் நீளவாட்டு நூலுக்கு, போட்ட கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் அதே சலவையில் கரைந்திருக்கும். துணியின் விறைப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

மூன்றாவதாக, செய்தி கைமாறிய விதம். நாயருக்குத் தெரிந்தது, ஜேக்கப்சனிடம் சொல்லப்பட்டது, அங்கேயே நின்றது. இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவு என்று முடித்துவிட நான் தயங்குகிறேன். ஆடையில் சலவைக் குறிப்பு தைத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தறிக்கும் அலமாரிக்கும் இடையில் இருந்த ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், தையலகம், கடை ஆகிய ஒவ்வொருவரும் விலையையும் அளவையும் அடுத்தவரிடம் தவறாமல் ஒப்படைத்தார்கள். துவைக்கும் முறையை ஒப்படைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

விளம்பரம் சரிசெய்ததும் கெடுத்ததும்

சாயம் போவதற்கு உத்தரவாதம் அளித்த விளம்பரத்தில் ஒரு நேர்மை இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது துணியின் நடத்தையை வெளிப்படையாகச் சொன்னது. 1966ஆம் ஆண்டின் விற்பனை விளம்பரம் ஒன்று, இந்தத் துணி தாவரச் சாயம் ஏற்றிய நூலால் கையால் நெய்யப்பட்டது, ஒரு கட்டம் இன்னொன்றைப் போல இருக்காது, மென்மையான சோப்பால் வெதுவெதுப்பான நீரில் துவைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து அடங்கிய சாயலைப் பெறும் என்று விளக்கியது. 1958இல் விடுபட்ட குறிப்பு, பிந்தியேனும், விளம்பரத்தின் வடிவில் உடுத்துபவரின் கைக்கு வந்து சேர்ந்தது. துணி புதிதாக இருக்கும் நாளே அதன் சிறந்த நாள் என்ற எண்ணத்தையும் அது அசைத்தது. இரண்டாம் ஆண்டில் சட்டை முதலாம் ஆண்டைவிட அழகாக இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்கியவர், அதைத் தூக்கியெறிய அவசரப்படவில்லை. நீடித்த உடைக்கு இந்த மனநிலையைவிடப் பெரிய துணை வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அதே விளம்பரம் ஒரு தவறான பாடத்தையும் கற்பித்தது. சாயம் போவது கைத்தறியின் இயல்பு, உண்மையான துணிக்கு அதுவே அடையாளம் என்ற எண்ணம் வேரூன்றியது. சரியாகச் சாயமேற்றிய நெசவாளருக்கும் அரைகுறையாகத் தோய்த்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அழிந்தது. சொல்லப்போனால், அரைகுறைச் சாயத்துக்கே கூடுதல் விலை கிடைக்கும் நிலை உருவானது. உழைப்பின் தரத்தை உயர்த்த வேண்டிய இடத்தில், குறைக்கு ஓர் அழகான கதை சொல்லப்பட்டது. சாயம் போகும் புதுமை ஒரு பருவ மோகமாக வந்து தணிந்தது. சாயம் போகாத கட்டத் துணி சந்தையில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் கோடைக்கால அமெரிக்க உடையில் மெட்ராஸ் கட்டச் சட்டை நீங்காமல் நிற்கிறது. பல துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் மெட்ராஸ் ஆடையும் அங்கே ஒரு நிலையான வகையாகிவிட்டது. மோகத்தைக் கிளப்பிய தன்மை மறைந்தும் துணி நிலைத்தது என்றால், நிலைக்கச் செய்தது வேறொன்று என்று தெரிகிறது.

கட்டம் ஏன் பழசாவதில்லை

கட்டத் துணியில் நூல்தான் சாயமேற்றப்படுகிறது. பாவிலும் ஊடையிலும் (குறுக்கு நூலிலும்) குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிற நூல்களை வைத்து நெய்வதால், வடிவம் துணியின் உடம்பிலேயே இருக்கிறது. உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. அச்சிட்ட துணியில் மேற்பரப்பு தேய்ந்தால் வடிவம் அழிந்துவிடும்; கட்டத்திலோ நூல் இருக்கும்வரை கோடும் இருக்கும். இரு நிற நூல்கள் குறுக்கிடும் சதுரத்தில் மூன்றாவது ஒரு நிறம் தோன்றுவதால், நான்கு நிற நூலால் நெய்த துணி கண்ணுக்குப் பத்து நிறம் கொண்டதாகத் தெரிகிறது. சாயங்கள் ஒத்த தரத்தில் இருந்தால், நிறம் சற்று மங்கினாலும் எல்லா நிறமும் சேர்ந்தே மங்குவதால் இணக்கம் கெடுவதில்லை. சிறு கறையும் சிறு தையலும் கோடுகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. மேலும், கட்டத்தில் பூ, விலங்கு, எழுத்து எதுவும் இல்லாததால், குறிப்பிட்ட ஓர் ஆண்டை நினைவூட்டக்கூடிய எதுவும் அதில் இல்லை.

இந்த இயல்புகள் அனைத்தையும் மிகச் சிக்கனமாகப் பயன்படுத்திக்கொண்ட உடை நம் கைலி. இரண்டு மீட்டர் அளவுள்ள துணியின் இரு ஓரத்தையும் சேர்த்து மூட்டினால் உடை தயார். வெட்டி வீணாகும் துண்டு ஏதும் இல்லை. குழல் வடிவில் இருப்பதால் முன்புறம், பின்புறம் என்று நிலையான பகுதி கிடையாது. கட்டும்போது ஒவ்வொரு நாளும் வேறொரு பகுதி முன்னே வருவதால் தேய்மானம் துணி முழுவதும் பரவுகிறது; கால்சட்டையில் முழங்காலும் இருக்கையும் மட்டும் தேய்வது போல இங்கே நடப்பதில்லை. உடல் பருத்தாலும் மெலிந்தாலும் அதே கைலி போதும். நைந்த பிறகு அது தலையணை உறையாகவும் பிடிதுணியாகவும் சில ஆண்டுகள் உழைக்கும். குடியாத்தமும் குறிஞ்சிப்பாடியும் கைலி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்கள். கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட பொருள்களில் கைலியும் ஒன்று. இத்தனை இருந்தும் நீடித்த உடை பற்றிப் பேசும் பலர் அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போவது எனக்கு வருத்தமளிக்கிறது. வீட்டிலும் வயலிலும் பட்டறையிலும் உழைப்பவர் உடுத்துவது என்பதாலேயே கைலியை ஓர் உடைப் பண்பாடாகக் கருத மறுக்கும் மனப்பான்மை அதற்குப் பின்னால் இருக்கிறது.

தனக்கே உரிய பாணி என்பதற்கு இதைவிட வியப்பூட்டும் எடுத்துக்காட்டு நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கிடைக்கிறது. நைஜீரியாவின் புகுமா முதலிய ஊர்களில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். கலபாரிப் பெண்கள் அந்தத் துணியை அப்படியே உடுத்துவதோடு நின்றுவிடவில்லை. சவர அலகாலோ சிறு கத்தியாலோ குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கட்டத்துக்குள்ளேயே வேறொரு வடிவத்தைத் தோன்றச் செய்கிறார்கள். நூலை உருவிய இடத்தில் துணி வலை போல மென்மையாகிறது. கடையில் வாங்கிய துணி அந்தக் குடும்பத்தின் துணியாகிறது. இவ்வாறு உருவான துணிகள் பெட்டியில் பாதுகாக்கப்பட்டு, தலைமுறைகளைக் கடந்து, இறப்புச் சடங்குகளில் இறந்தவரின் கட்டிலை அலங்கரிப்பதற்கும் எடுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலோ ஆந்திரத்திலோ நெய்தவர் ஒருபோதும் நினைத்துப் பார்த்திராத பயன் இது. ஆனால் நூல் எண்ணிக்கையையும் கோட்டின் ஒழுங்கையும் நெசவாளர் அளவுக்கு உணர்ந்தவரால் மட்டுமே இந்த வேலையைச் செய்ய முடியும். புரூக்ஸ் பிரதர்ஸின் வாடிக்கையாளருக்குக் கிடைக்காத அறிவு, கலபாரிப் பெண்களிடம் கைப்பழக்கமாகவே இருந்தது.

இன்றைய அலமாரிக்கு

மேற்சொன்னவற்றை அன்றாட உடைக்குப் பொருத்திப் பார்க்கும்போது, எத்தனை உடை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கிலிருந்து தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு நாள், எத்தனை முறை உடுத்தப்போகிறோம் என்பதே முதற்கேள்வி. எடுத்துக்காட்டாக, 900 ரூபாய்க்கு வாங்கிய கைத்தறிச் சட்டையை 150 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு ஆறு ரூபாய் ஆகிறது. 400 ரூபாய்ச் சட்டை 25 முறையில் நிறம் கெட்டுப் போனால் ஒரு முறைக்குப் பதினாறு ரூபாய். இந்தக் கணக்கில் சலவை முறையும் அடங்கியிருக்கிறது, ஏனெனில் 150 முறை என்பது துணியின் தரத்தாலும் துவைப்பவரின் கவனத்தாலும் சேர்ந்தே கிடைக்கும் எண்.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் கோடுகள் தெரிந்தால் அது நூலில் சாயமேற்றி நெய்தது. உள்பக்கம் வெளுத்திருந்தால் அச்சிட்டது. கையால் நெய்தது என்பதற்கு அரசின் கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் உள்ளது. ஈரமான வெள்ளைத் துணித் துண்டால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும். துணியாக வாங்கித் தைப்பவர்கள், தைப்பதற்கு முன் ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும்; கஞ்சி நீங்கித் துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பிறகு எடுக்கும் அளவே நிற்கும். முதல் சில சலவைகள் தனியாக, குளிர்ந்த நீரில், பூந்திக்கொட்டை நீர் போன்ற மென்மையான ஒன்றால், முறுக்கிப் பிழியாமல் நடக்க வேண்டும். கல் உப்பில் ஊறவைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அது முதல் அலசலில் சாயம் இறங்குவதைச் சற்றுத் தணிக்கலாம். சரியாக ஏற்றப்படாத சாயத்தை அது நிலைப்படுத்தாது.

எதை எதோடு உடுத்துவது என்பதற்குக் கட்டத் துணியே வழிகாட்டும். கட்டத்தில் உள்ள நிறங்களுள் மிகக் குறைந்த இடத்தைப் பிடிக்கும் நிறத்தில் ஒற்றை நிற வேட்டிக்கரையோ கால்சட்டையோ சேலை ரவிக்கையோ எடுத்தால், இரண்டும் பல ஆண்டு பொருந்தி வரும். ஒரே குடும்ப நிறங்களில் இரண்டு மூன்று கட்டங்களையும் நான்கைந்து ஒற்றை நிறங்களையும் வைத்திருப்பவர், காலையில் அலமாரி முன் நின்று யோசிக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் சிறிது காலத்தில் அந்த நிறக் குடும்பத்தை அவருடைய அடையாளமாகவே நினைவில் வைத்துக்கொள்வார்கள். பாணி என்பது இப்படித் திரும்பத் திரும்ப உடுத்துவதால் அமைவது. அடிக்கடி புதிதாக வாங்குபவருக்கு அது வாய்ப்பது கடினம்.

இயற்கைச் சாயம் என்ற பெயரைப் பார்த்ததும் அது தீங்கற்றது என்று முடிவுகட்டுவதும் தவறு. படிகாரத்துக்குப் பதிலாகச் செம்பு, குரோமிய உப்புகளைப் பயன்படுத்தினால் கழிவுநீர் நஞ்சாகவே இருக்கும். செயற்கைச் சாயமும் கழிவைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்றினால் ஏற்கத்தக்கது. சுத்திகரிக்காததன் விளைவை நொய்யல் ஆறு காட்டியது: திருப்பூர்ச் சாயக்கழிவால் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது, 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கைத்தறிப் பக்கத்திலும் ஒரு கடுமையான உண்மை உண்டு. 2019–20இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவுக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. பத்து ஆண்டு உழைக்கும் துணியை நெய்தவர் பத்து நாள் செலவுக்குத் திண்டாடுகிறார் என்றால், அந்த உடையை நீடித்தது என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. விலையில் பேரம் பேசும்போது இந்த எண் நினைவில் இருக்க வேண்டும்.

1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் தன் பட்டுச் சேலைகளோடு, நெய்தவரின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டையை இணைத்து விற்றது. வாங்குபவரும் நெய்தவரும் ஒருவரையொருவர் அறியும் நிலையை ஓரளவுக்கேனும் மீட்டெடுத்த அந்த முயற்சியைப் பட்டோடு நிறுத்தாமல் கைலி, சட்டைத் துணி, துண்டு ஆகிய அன்றாடத் துணிகளுக்கும் விரிவாக்கலாம். அட்டையின் பின்புறத்தில் நூலின் எண் (அதன் பருமனைக் குறிக்கும் அளவு), பயன்படுத்திய சாயத்தின் வகை, அதை நிலைப்படுத்திய பொருள், எத்தனை அலசலுக்குப் பிறகு துணி விற்பனைக்கு வந்தது, எவ்வளவு சுருங்கும், முதல் மூன்று சலவைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விவரங்கள் தமிழில் இருக்க வேண்டும். தைத்துக் கொடுக்கும் கடையும் அந்த அட்டையைப் பிரித்து வைத்துக்கொள்ளாமல் சட்டையோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.